நகரின் நடுவே நமக்கொரு மண்டபம்



கொழும்பில் நமக்கென ஒரு சமூக மண்டபம் எழுப்புவோம் என்ற பேச்செழுந்தவுடன், முகப்பிலே கோபுரம் வைப்பதா, தூண்களில் யாளி வைப்பதா என்ற விவாதமே முந்திக்கொள்கிறது. கோபுரம் கோயிலுக்குரியது. சீமெந்துப் பெட்டி ஒன்றைக் கட்டி, அதன் நெற்றியிலே சிற்பத்தை ஒட்டிவிட்டால் அது நம்முடையதாகிவிடுமா?

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பார்ப்போம். தெருவேலியிலே கூரை வேய்ந்த சங்கடப்படலை இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்கென்றே அமைந்த வாசல் அது. தெருவோர மடங்களிலே தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடலை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் இருந்தன. மாட்டின் தினவையும் மறவாத கட்டிடக்கலை நம்முடையது! எல்லா மடங்களும் எல்லோருக்கும் திறந்திருந்தன என்று நாம் பொய்சொல்ல வேண்டாம். சாதி அங்கும் காவல் நின்றது. அதைத் தள்ளிவிட்டு அமைப்பை எடுத்துக்கொள்வோம்.

கொழும்பு மாநகரிலே எந்த இனத்தவரும் பாதிக்கு மேல் இல்லை. உயர்ந்த மதிலுக்குள்ளே நாம் கூடினால், உள்ளே நடப்பது சிங்கள, முஸ்லிம் அயலவருக்கு வெறும் ஊகமாகவே இருக்கும். ஆகவே தெருவைப் பார்த்து அகன்ற திண்ணை வேண்டும். அதிலே குடிதண்ணீரும், மும்மொழிப் பத்திரிகைகள் கிடக்கும் வாசிகசாலையும் வேண்டும். உள்ளே நாற்சார் வீட்டு முற்றம். பண்ணிசையும் பரதமும் அங்கே நடக்கட்டும். நிலையான கதிரைகள் இல்லாவிட்டால் அங்கேயே பந்தியும் வைக்கலாம்.

சமையலறையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். 1983 ஜூலையில் வீடிழந்த நம்மவர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலே தஞ்சம் புகுந்தனர். வகுப்பறைகளே வீடுகளாயின. 2016 மே மாத வெள்ளத்திலே கொலன்னாவைப் பகுதியில் பல இனத்தவரும் வீட்டைவிட்டு வெளியேறினர். பேரடுப்பும், பெரிய தண்ணீர்த்தொட்டியும், போதிய கழிப்பறைகளும் இல்லாத மண்டபம் அந்நாளிலே யாருக்கு உதவும்? அபசகுனம் என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டாம். நல்ல நாட்களிலே அதே அடுப்பில் பொங்கலும் பொங்கும். வெசாக் தன்சலுக்கு அயலவர் கேட்டாலும் கொடுக்கலாம்.

நிலம் சிறியது. திண்ணை அகன்றால் மேடை சுருங்கும். நாடகப் பிரியர்களின் முணுமுணுப்பு நமக்குக் கேட்காமலில்லை. அவர்கள் முற்றத்திலே ஒரு நாடகம் ஆடிப் பார்க்கட்டும். வரைபடம் பொறியியலாளர் கைக்குப் போகுமுன், நூறு பேருக்குச் சமைத்துப் பழகியவர்கள் அந்தச் சமையலறையை ஒருமுறை அளந்து சொல்லட்டும்.