வீட்டிலேயே ரொட்டி சுடலாம்

விடியுமுன் வேலைக்காட்டுக்குப் புறப்படும் குடும்பங்களில் காலைப் பசியாறல் பெரும்பாலும் ரொட்டியும் கோப்பியும்தான். அவசரத்துக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் அதை மட்டும் தின்றுவிட்டு வரும் பிள்ளைகள் பத்து மணிக்கே சோர்ந்துபோவதை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். ரொட்டியோடு ஒரு முட்டையோ, கொஞ்சம் பருப்போ இருந்தால் அந்தச் சோர்வு வராது. அதற்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். ரொட்டிச் செலவிலேயே அதை மிச்சம் பிடிக்க முடியுமா என்று இன்று பார்ப்போம்.

தோசைக்கு மாவு அரைத்துப் புளிக்க வைக்கத் தெரிந்த தாய்மார்களுக்கு ரொட்டி சுடும் வித்தை பாதி தெரிந்ததுதான். தோசை மாவு இரவில் பொங்குவது ஏன்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் பெருகி, வாயுவை உண்டாக்குகின்றன. புளிப்பு என்பது உயிர்கள் செய்யும் வேலை என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டில் விளக்கினார். ரொட்டியில் இந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரப்பர்போல் இழுபடும் பசை உண்டாகிறது. ஈஸ்ட் வெளிவிடும் வாயு அந்தப் பசைக்குள் அகப்பட்டுக்கொள்வதால் ரொட்டி உப்புகிறது.

இனி அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். கோதுமை மாவு அரைக் கிலோ, வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி, உலர்ந்த ஈஸ்ட் தலைதட்டி 2 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. ரொட்டிக்கென்று விற்கும் மாவு கிடைத்தால் நல்லது. அதில் பசை கூடுதல்.

தண்ணீரில் சீனியையும் ஈஸ்டையும் கலந்து 10 நிமிடம் வையுங்கள். நுரை கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரைக்காவிட்டால் அதை ஊற்றிவிடுங்கள். மாவை வீணாக்க வேண்டாம். கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

பிறகு மாவு, உப்பு, எண்ணெய் சேர்த்து 10 நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். இதற்குக் கை பலம் தேவை. ஆகவே வீட்டு ஆண்களும் பையன்களும் பிசையட்டும். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி வையுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது இருமடங்காகும். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே சரி. பொங்கிய மாவை அமுக்கி உருட்டி, எண்ணெய் தடவிய தகர அச்சில் பாதியளவு இட்டு, மீண்டும் விளிம்புவரை பொங்கவிடுங்கள்.

அவன் அடுப்பு உள்ளவர்கள் 200 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் சுடலாம். இல்லாதவர்கள் கம்போங்களில் பாவுலு சுடும் முறையை நினைத்துப் பாருங்கள். கீழேயும் தணல், மேலே மூடியிலும் தணல். கனமான இரும்புச் சட்டிக்குள் ஒரு சிறு தாங்கி வைத்து, அதன்மேல் அச்சை வையுங்கள். அடி கருகாமலிருக்கக் கீழே தணல் குறைவாகவும் மேலே அதிகமாகவும் இருக்கட்டும். இதை வீட்டுக்கு வெளியேதான் செய்ய வேண்டும். மூடிய அறையில் கரித்தணலிலிருந்து வரும் நச்சு வாயு உயிரைக் குடித்துவிடும். ரொட்டியின் அடியைத் தட்டினால் வெற்றுடப்பாவின் ஓசை கேட்க வேண்டும். அதுவே வெந்ததற்கு அடையாளம். ஆறிய பிறகு அறுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். அரைக் கிலோ மாவில் ஏறத்தாழ முக்கால் கிலோ ரொட்டி கிடைக்கும். கடைகளில் பரவலாக விற்கும் ரொட்டி 400 கிராம். ஒரு மாதம் வாங்கிய ரொட்டிகளைப் பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் மாவு, ஈஸ்ட், எண்ணெய், சீனி, எரிபொருள் அனைத்தின் விலையையும் எழுதட்டும். எடைக்கு எடை ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

ஒரே ஒரு ரொட்டிக்காக அடுப்பு மூட்டினால் மிச்சம் எரிபொருளிலேயே போய்விடும். இரண்டு, மூன்று ரொட்டிகளை ஒன்றாகச் சுடுங்கள். பக்கத்து வீட்டாரோடு அடுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டு ரொட்டி இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும் என்பதால் பகிர்வது நல்லதும்கூட. வாரத்துக்கு ஒரு ரொட்டி மட்டும் வாங்கும் வீட்டில் பெரிய மிச்சம் இராது. இதற்கென்று தவணைமுறையில் அடுப்பு வாங்குவதோ கடனைத் தேடிக்கொள்வதாகும். இருக்கிற சட்டியில் தொடங்குங்கள்.

மிச்சமாகும் காசைத் தனி டப்பாவில் போடுங்கள். அது வேறு செலவில் கரைந்துவிடாமல், பிள்ளையின் தட்டில் முட்டையாக வந்து சேரட்டும்.