வெள்ளவத்தையில் வாழ்ந்த சிலி நாட்டுக் கவிஞர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறநாட்டுக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது, மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்கு ஆங்கிலக் கவிஞர்களே முதலில் நினைவுக்கு வந்தனர். ஆயினும், நம் மறிச்சுக்கட்டிக் கடலோரமாகவே தெற்கு நோக்கிச் சென்றால், கொழும்பு வெள்ளவத்தையில் இதே கடலைப் பார்த்திருந்து எழுதிய ஸ்பானிய மொழிக் கவிஞர் ஒருவரைக் காண்கிறோம். அவரே பாப்லோ நெரூடா.

1904 ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் சிலி நாட்டிற் பிறந்தார். தந்தை புகையிரதத் தொழிலாளி. மகன் கவி பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆகவே புனைபெயர். (இவ்விடயத்திற் சிலி நாட்டுத் தந்தையரும் நம்மூர்த் தந்தையரும் ஒன்றே போலும்!) 1924 இல் வெளிவந்த காதற் கவிதைத் தொகுதி ஸ்பானிய மொழி வழங்கும் நாடெங்கும் அவர் பெயரைப் பரப்பியது.

1927 இல் இரங்கூனுக்கும், 1929 இல் கொழும்புக்கும் சிலி அரசின் கொன்சலாக அனுப்பப்பட்டார். வருவாய் சொற்பம், தனிமையோ பெரிது. புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் அவருக்கு நண்பரானார். வீட்டிலே கீரிப்பிள்ளை ஒன்று வளர்ந்தது. அயற்சிறுவர் அதனைப் பாம்போடு போரிட வைக்க ஊர்வலமாய்க் கொண்டுபோக, பாம்பைக் கண்டதும் அது வீட்டுக்கு ஓடிவிட்டதாம்! 1930 இல் அவர் பத்தேவியாவுக்கு மாற்றலானார்.

பின்னர் ஸ்பெயினில் உள்நாட்டுப் போரைக் கண்டார். நண்பர் லோர்கா 1936 இற் கொல்லப்பட்டமை அவர் கவிதையின் போக்கையே மாற்றிற்று. 1939 இல் ஸ்பானிய அகதிகள் ஏறக்குறைய 2,000 பேரைக் கப்பலேற்றிச் சிலிக்கு அனுப்பினார். 1945 இல், பாலைநிலச் சுரங்கத் தொழிலாளரின் வாக்குகளால் செனற் சபை உறுப்பினரானார். மச்சு பிச்சு மலைநகரைக் கண்டு அவர் பாடிய கவிதை, அதனைக் கட்டிய பெயரறியாத கல்தச்சரையும் கூலிகளையும் தேடுகிறது. சிலாவத்துறை முத்துக்குளிப்பில் சிப்பிகளை எண்ணிய கணக்கு உண்டு. மூழ்கியவர் பெயர் நமக்குத் தெரியுமா? ஆகவே அக்கவிதை நம் நெஞ்சைத் தொட்டது. 1971 இல் நோபல் பரிசு. 1973 இல் மறைவு.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 1974 இல் வெளிவந்த அவரது நினைவுக் குறிப்பில் ஒரு பக்கம் உண்டு. வெள்ளவத்தை வீட்டிலே மலவாளி எடுக்க ஒரு தமிழ்ப் பெண் காலைதோறும் வருவாள். அவர் வைத்த பரிசுகளை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒருநாள் அவள் கையைப் பற்றி அறைக்குள் இழுத்துச் சென்று, இணங்காத அவளைக் கெடுத்தார். இதை அவரே எழுதியுள்ளார். அவள் தம்மை இகழ்ந்தது நியாயம் என்றும் ஒப்புகிறார். 2018 இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முயன்றபோது, இதனைச் சுட்டியே அந்நாட்டுப் பெண்கள் எதிர்த்தனர். அசோக ஹந்தகம 2021 இல் இதனைத் திரைப்படமாக்கினார்.

கீரிப்பிள்ளையின் பெயர் கிரியா என்று அந்நூலில் உண்டு. அவள் பெயர் இல்லை.

கவிஞரைக் குறை கூறுவது நமக்கு எளிது. அந்த வாளியை அவள் தலையில் ஏற்றியது சிலி நாடன்று. நம்முடைய சாதி வழக்கம். அன்று அவள் முறையிடப் போயிருந்தால் எந்த வீட்டுத் திண்ணையில் ஏற்றியிருப்பார்கள்? அதனைப் பெரியோர்களே சொல்ல வேண்டும்.