கூவாகம் வரை போகாமலே



நம்ம பக்கத்துக் கிராமத்தில் தன்னைத் திருநங்கையாக உணருகிற பிள்ளைக்கு, தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று எப்படித் தெரியும்? ரொம்பப் பேருக்குச் சித்திரையில் கூவாகம் போனால்தான் தெரியும். அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள வருகிற அந்தக் கூட்டத்தில் சிலருக்கு ஓர் அம்மாவே கிடைக்கிறார். பெத்தவள் இல்லை, மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை. சோறு, துணி, ஆஸ்பத்திரி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நாம் குழுவாகச் செய்வதை அவர்கள் தீர்மான நோட்டு இல்லாமலே செய்து வந்திருக்கிறார்கள். 2008-ல் அரசு அவர்களுக்கு நலவாரியமும் அமைத்தது.

பெண்ணை விரும்புகிற பெண்ணுக்குக் கூவாகமும் இல்லை, வாரியமும் இல்லை. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். வயது வந்தவர்கள் விரும்பிச் சேர்ந்திருந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடிக்கணும், தொந்தரவு செய்யக்கூடாது என்று 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போலீசுக்கு உத்தரவிட்டார். அதற்கு முன் அவரே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே கேட்டிருக்கார், நமக்கென்ன வெட்கம்?

அப்படிப் புகார் கொடுக்கிற தாய் முதலில் அழுவது நம்ம வாரக் கூட்டத்தில்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போறதும் நாமதான். இனிமேல் அதுக்கு முன்னாடி பிள்ளைக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா"ன்னு கேட்கச் சொல்லுங்க.

அடுத்த மாசம் உறுப்பினர் சேர்க்கை இருக்கு. இரண்டு திருநங்கைகள் கேட்டிருக்காங்க. எந்தக் குழு சேர்த்துக்கும்னு அன்னைக்குக் கை தூக்குங்க.