தகரக் கொட்டகையில் ஈரமா? காரணத்தை முதலில் அறிவீர்

(தொப்பம்பட்டி விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது, கருவிகள் வைத்திருக்கும் தகரக் கொட்டகையில் விடியற்காலை நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பானர் துருப்பிடிக்கிறது, வெல்டிங் ராடு நமத்துப் போகிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஈரம் சேர்ந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே இதை அலட்சியம் செய்யலாகாது.

கூரை ஒழுகாமலே நீர் சொட்டுவது எப்படி? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம்தான் தாங்கும். மிஞ்சிய நீராவி நீராக மாறிவிடும். மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. எனவே அதில்தான் முதலில் நீர் படிகிறது.

ஆனால் எல்லா ஈரமும் காற்றிலிருந்து வருவதன்று. இதை அறிய எளிய சோதனை உண்டு. 2 அடி சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மண் தரையானால் ஓரங்களில் மண் போட்டு அழுத்துங்கள். மறுநாள் காலை பாருங்கள். தாளின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேற்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து படிகிறது.

தரை ஈரமானால், சுவரோரம் மழைநீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி வடியுங்கள். புதிதாகக் காங்கிரீட் தரை போடும்போது அடியில் கனமான பாலிதீன் தாளை விரியுங்கள். கருவிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

காற்றின் ஈரமானால், எதிரெதிர்ச் சுவர்களில் கூரையை ஒட்டி வலையடித்த திறப்புகள் விடுங்கள். வெயிலடிக்கும் நண்பகலில் கதவைத் திறந்து வைத்து, பனி இறங்குமுன் மூடுங்கள். உலர்த்துவதற்கென்று உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு எரிக்காதீர்கள். 1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். யூரியா மூட்டையையும் கருவிகளுடன் வைக்காதீர்கள். ஈரத்தில் கசியும் உரம் இரும்பை அரிக்கும். ஸ்பானர், கத்தி முதலியவற்றைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்திருந்தால் ஈரக்கையால் தொடாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்து, பயிற்சி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு உலர்த்தி, மெக்கர் கருவியால் சோதித்த பிறகே மோட்டாரை ஓட்டுங்கள்.

செலவில்லாத பாலிதீன் சோதனையை முதலில் செய்து, காரணத்துக்கு ஏற்ற பரிகாரத்தை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.