பசங்க சண்டை என்று எழுதாதீர்கள்



2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டபோது, தனக்கு நேர்ந்த கொடுமையை அவன் சொல்லியிருந்தான்.

‘எதுவானாலும் டீச்சரிடம் சொல்’ என்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. புகார் கொடுத்த பிறகுதான் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது. பாதுகாப்பும் அன்றே தொடங்க வேண்டும்.

பள்ளிகளிடம் நாம் கேட்பது இதுதான்: புகாரை எழுத்தில் பதியுங்கள். சொன்னவன் பெயரை எதிர்த்தரப்பிடம் சொல்லிவிடாதீர்கள். இருவரையும் நிறுத்திக் கைகுலுக்க வைத்து முடித்துவிடாதீர்கள். அடிபட்டவன் கையில் டி.சி.யைக் கொடுக்காதீர்கள். சாதி வன்மத்தைப் ‘பசங்க சண்டை’ என்று எழுதாதீர்கள்.

நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். கட்டிவிட்டவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோரையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

நம் பெற்றோரிடமும் ஒன்று. ‘அனுசரிச்சுப் போப்பா’ என்று பயத்தில் நாமும் சொல்லியிருக்கிறோம். நமக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையைத் திட்டுமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்குத் தனியாகப் போகாமல், தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த மாணவன் மறு ஆண்டே பிளஸ் டூ தேறிவிட்டான். அவன் உறுதியைப் பாராட்டுகிறோம். ஆனால், படிப்பதற்கு நம் பிள்ளைகள் இவ்வளவு விலை கொடுக்கக் கூடாது. ஜெய்பீம்.