இராமேஸ்வரத்துக்கு மூன்று நாள்: ஒரு குடும்பப் பயணத்தின் கணக்கு

ஷ்வேப்யிதாவிலிருந்து உங்கள் கணக்குப்பிள்ளை பேசுகிறேன். வழக்கமாக வரவு செலவு, சீட்டு, கடன் என்று பேசுகிறவன், இந்த மாதம் சுற்றுலா பற்றிப் பேசப் போகிறேன். இதுவும் கணக்குதான் என்பது போகப் போகத் தெரியும்.

நம் வீடுகளில் வயதானவர்களிடம் "ஒரே ஒரு ஊருக்குக் கூட்டிப் போகிறோம், எங்கே போகவேண்டும்?" என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் சொல்வது இராமேஸ்வரம். காசிக்கு அடுத்தபடி அதுதான். நம்மில் பலருக்குப் பூர்வீகம் பழைய இராமநாதபுரம், தஞ்சாவூர் மாவட்டங்கள். பாட்டனார் கப்பலேறிய நாட்டுக்குப் பேரப்பிள்ளைகள் ஒருமுறையாவது போய்வரவேண்டும் என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை போகிற பயணம் என்பதாலேயே நாம் அதில் எல்லாவற்றையும் திணித்துவிடுகிறோம். மதுரை, பழனி, திருச்செந்தூர், வேளாங்கண்ணி, நாகூர், இடையில் சொந்தக்காரர் வீடுகள் என்று எட்டு நாளில் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறோம். எங்கள் பகுதியில் அப்படிப் போய்வந்த ஒரு குடும்பத்தில், யாருக்காகப் பயணம் கிளம்பியதோ அந்தப் பாட்டியம்மா பாதி இடங்களில் வேனை விட்டு இறங்கவே இல்லை. முடியவில்லை.

ஆகவே என் முதல் யோசனை இதுதான்: தீவுக்கு மட்டும் முழுதாக மூன்று நாள் ஒதுக்குங்கள். கூட்டத்தில் யார் மிக மெதுவாக நடப்பாரோ, அவருடைய நடையை வைத்துத் திட்டம் போடுங்கள்.

முதலில் காகிதம்

பணத்துக்கு முன்னால் காகிதம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் விமானச் சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். நம் வீடுகளில் கூப்பிடுவது ஒரு தமிழ்ப் பெயர், காகிதத்தில் இருப்பது ஒரு பர்மியப் பெயர். சீட்டு வாங்கித் தருகிற உறவினர் வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டால் விமான நிலையத்தில்தான் சிக்கல் தெரியும். இதற்கு ஒரே வழி, எல்லாருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் நகலெடுத்து, அதைப் பார்த்தே எழுதச் சொல்வது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பாருங்கள்.

இந்திய விசா பற்றிய விதிகளை யாரோ சொன்னதை நம்பி முடிவு செய்யாதீர்கள். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியப் பிரதமர் இங்கே வந்தபோது, மியன்மார் குடிமக்களுக்குக் கட்டணமில்லா விசா என்று அறிவித்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு பலர் இன்னும் பேசுகிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற நாளில் என்ன விதி, என்ன கட்டணம் என்பதைத் தூதரகத்திடமே கேளுங்கள்.

இளைஞர்கள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரை ஆண்களும், 18 முதல் 27 வரை பெண்களும் அதன் கீழ் வருகிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் வெளிநாடு போவதற்கான நடைமுறை அதன்பின் பலமுறை மாறியிருக்கிறது. விசாரித்து உறுதி செய்துகொண்ட பிறகே அவர்களுக்குச் சீட்டு வாங்குங்கள். வாங்கிய சீட்டு வீணாவது ஒரு நஷ்டம். கிளம்பிய குடும்பம் வாசலில் பிரிந்து நிற்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இந்தியாவில் இறங்கியதும் நாம் காகிதப்படி வெளிநாட்டவர். தமிழ் பேசுவதாலோ, பூர்வீகம் பக்கத்து ஊர் என்பதாலோ அது மாறாது. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் என்று சொல்லப்பட்டுவந்த ஒரு படிவத்தை இணையம் வழியே அரசுக்கு அனுப்பவேண்டும். சின்ன விடுதிகள், சத்திரங்கள் சில, இந்தத் தொல்லை வேண்டாம் என்று அறை இல்லை என்பார்கள். அதனால் அறை பேசும்போதே "நாங்கள் மியன்மார் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் இந்த விதி உண்டு. மாமா வீடுதானே என்று விட்டுவிட்டால், பிறகு மாமாவுக்குத்தான் தொந்தரவு.

அடுத்தது பணம்

பயணச் செலவை மூன்று பத்தியாக எழுதுங்கள். தலைக்கு ஆகிற செலவு ஒன்று: விமானச் சீட்டு, விசா, ரயில், சாப்பாடு. அறைக்கு ஆகிற செலவு இரண்டு. வண்டிக்கு ஆகிற செலவு மூன்று. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போனால் செலவு பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பத்தி ஒரு காசு குறையாது. வண்டிச் செலவு நிச்சயம் குறையும். அறைச் செலவு ஓரளவு குறையும். ஆகவே ஆட்களைக் கூட்டுவதற்கு முன், எந்தப் பத்தியில் அதிகம் ஆகிறது என்று பாருங்கள்.

மொத்தம் வந்ததும் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அது மருந்துக்கும், விமானம் தவறினால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதற்கும். ஜவுளிக்கு அல்ல. கியாட்டை இந்தியாவில் மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். இங்கே அதிகாரபூர்வ விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி உங்களுக்குத் தெரியும். செலவைக் கியாட்டில் கணக்கிடும்போது உண்மையில் நீங்கள் வாங்கப்போகிற விலையில் கணக்கிடுங்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் போகிற பயணம் வேண்டாம். ஒரு வருடச் சீட்டுப் போட்டு, எடுத்த பிறகு போங்கள். இராமேஸ்வரம் எங்கும் போய்விடாது.

இன்னொன்று. முன்பு போய்வந்த சித்தியோ அத்தையோ பெட்டிக்குள் வைத்திருக்கிற இந்திய நோட்டைக் கொண்டு போகாதீர்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரில் செல்லாததாயின. 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது, கடைகளில் வாங்கமாட்டார்கள். நோட்டு செல்லாமல் போவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964-ஐயும் 1987-ஐயும் பார்த்த ஊர் இது. இப்போது அங்கே டீக்கடையில்கூடக் கைபேசியில் பணம் கட்டுகிறார்கள். நம் கையில் அது இருக்காது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறையை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது, எப்படி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை, புயல் காலமும் அதுதான். ஏப்ரல், மே மாதங்களில் மணலில் கால் வைக்க முடியாத வெயில். ஜனவரி முதல் மார்ச் வரை வயதானவர்களுக்கு நல்லது. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாசிவராத்திரி நாட்களில் கூட்டம் மிக அதிகம். அன்றுதான் தர்ப்பணம் செய்யவேண்டும் என்றால் போங்கள். இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் தீவுக்குப் போய்விடலாம். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. பழுது காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. இரண்டு வருடத்துக்கு மேல் பயணிகள் மண்டபத்தில் இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே மேலே உயரும். அதே நாளில் தாம்பரத்திலிருந்து ஒரு புதிய ரயிலும் விடப்பட்டது. திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் போகிறது. ரங்கூனில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்களின் ஊர் வழியே போகிற ரயில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். வயதானவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். விமானத்தில் மதுரை வரை போகிறவர்களுக்கு அங்கிருந்து சாலை வழி சுமார் 170 கிலோமீட்டர்.

மூன்று நாள்

முதல் நாள் காலை இறங்கியதும் கோயிலுக்கு ஓடாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, ஓய்வெடுங்கள். மாலையில் அக்னி தீர்த்தக் கடற்கரையில் உட்காருங்கள். இரவு சீக்கிரம் படுங்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் கோயில். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களில் வாளியால் நீர் மொண்டு ஊற்றுவார்கள். தரையெல்லாம் ஈரம், வழுக்கும். வயதானவரின் ஒரு பக்கம் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கடலில் கால் நனைத்து, தலையில் நீர் தெளித்துக்கொண்டு நேரே தரிசனத்துக்குப் போனால் குறை ஒன்றும் வராது. ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத் துணியை ஒருவர் தனியே பையில் வைத்துக் காத்திருக்கட்டும். கைபேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் வெளிப் பிராகாரத்தைக் காலையிலேயே சுற்றிவிடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் வரிசையாக நிற்கிற அந்தப் பிராகாரத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம். மாலையில் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். அவர் மறைந்து இரண்டு வருடம் கழித்து, 2017 ஜூலை 27-இல் திறந்தது. கோயிலுக்குப் போகாத நம் இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இந்தத் தீவில் பார்க்க உண்டு என்பதற்கு அது ஒரு சான்று.

மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி. இதைத்தான் பலர் போகிற போக்கில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் அரை நாள் கேட்கிறேன்.

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் இன்றும் நிற்கின்றன. மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே 1964-ஆம் ஆண்டை நம் கணக்கிலும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் இங்கே கடைகள் தேசியமயமாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. நம் சொந்தங்கள் ரங்கூன் துறைமுகத்தில் கப்பலேறிச் சென்னைக்குப் போனார்கள். அக்டோபரில் இலங்கை மலையகத் தமிழர்களைப் பற்றி ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து, மண்டபம் முகாமைத் தாண்டித்தான் தமிழ்நாட்டுக்குள் போனார்கள். 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பியவர்களும் இதே கரையில்தான் படகிலிருந்து இறங்கினார்கள். 2022-இல் இலங்கையில் பசி வந்தபோதும் சிலர் வந்தார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் 1942 நடையைப் பற்றியும் 1964 கப்பலைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. வீட்டுத் திண்ணையில் கேட்டால் "அதெல்லாம் எதற்கு?" என்பார்கள். அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல் இருக்க, இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர்களே பேசத் தொடங்கலாம். அதற்கு நேரம் வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. வண்டி பேசும்போதே அரை நாள் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசுங்கள். 2017 முதல் முனைவரை நல்ல சாலை இருக்கிறது, பட்டணத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிழல் கிடையாது. குடை, தண்ணீர், பெரியவருக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப்போங்கள். நீரோட்டம் பலமானது, யாரும் கடலில் இறங்கவேண்டாம். மாலைக்குமேல் அங்கே இருக்க அனுமதி இல்லை. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில். அந்தப் புயலிலும் நின்ற கோயில்.

இந்தப் பயணத்துக்கு எல்லாராலும் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். சிலருக்குக் காகிதம் இல்லை, சிலருக்குப் பணம் இல்லை, சிலருக்கு உடம்பு இடம் கொடாது. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர்தான் போக முடியுமென்றால், ஒரு பெரியவரும் ஒரு சின்னவருமாகப் போங்கள். சின்னவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிடுங்கள். பெரியவர் சொல்கிற ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர், கப்பல் ஏறிய வருடம் எல்லாவற்றையும் எழுதி வரட்டும். வீட்டில் இருந்தவர்களுக்கு அதுதான் பிரசாதம்.

போய்வந்தவர்கள் உங்கள் செலவுக் கணக்கை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்துப் போகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அடுத்த மாதம் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.