தபால்தலை இல்லாத கடிதங்கள்

(குடியரசு தினத்தன்று நம் சங்கக் கட்டடத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறேன்.)



தபால்தலை ஆல்பங்களைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். ஆல்பம் அதோ மேஜையில் இருக்கிறது. கை கழுவிவிட்டு வந்து புரட்டிப் பாருங்கள். நான் பேச வந்தது ஆல்பத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி.

கோவில்பட்டியில் பிறந்த பையன் எதையாவது சேர்க்க ஆரம்பித்தால் அது தீப்பெட்டி லேபிளாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு தபால்தலைக்கு மாறினேன். பருத்திக் கமிஷன் கடைகளில் குப்பைக்குப் போகும் கவர்களைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, தலையை மட்டும் உரித்துக் காயவைப்பேன். 1971 நவம்பரில் ஒரு புதுத் தலை வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் வந்துவிட்டார்கள். அவர்கள் செலவுக்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் 5 பைசா கூடுதல். புதிதாக அச்சடிக்க நேரம் போதாமல், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட பழைய 5 பைசாத் தலையின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்று அச்சடித்து விற்றார்கள். வயதில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தலையில் நான் அறுபது எழுபது சேர்த்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

அதே மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வேறு கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் இருந்தார். களத்தில் இருக்கும் சிப்பாய்க்கு இலவசமாகத் தரும் இன்லேண்ட் அது. தலை ஒட்ட வேண்டியதில்லை; ஒரு வட்ட முத்திரை மட்டும் இருக்கும். தலை இல்லாத கடிதம் தபால்தலை சேர்க்கிற பையனுக்கு எதற்கு? அம்மா படித்து முடித்ததும் வெந்நீர் அடுப்பில் தீ மூட்ட எடுத்துக்கொடுத்தது நான்தான். அகதிகளுக்கான தலையைப் பத்திரமாக ஒட்டி வைத்தேன். அவர்களுக்காக நடந்த சண்டையில் இருந்தவரின் கையெழுத்தை அடுப்பில் போட்டேன். இருபது வருஷம் கழித்து, மதுரையில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில், அதே மாதிரி தலையில்லாத ஒரு கடிதத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வட்ட முத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படையோடு கூடவே போகிற தபால் நிலையத்துக்கு ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் என்று பெயர். நம் நாட்டில் அது 1856-ல் பாரசீகத்துக்குப் போன படையோடு தொடங்கியது. முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது. எண்ணும் தேதியும் மட்டும்தான். கடிதம் எதிரி கையில் சிக்கினாலும் படை எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாது. நாம் எழுதும் முகவரியும் அப்படித்தான். பெயர், எண், ரெஜிமென்ட், அதற்குக் கீழே 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ. 56 என்றால் டெல்லிக்குப் போகும், 99 என்றால் கல்கத்தாவுக்கு. எந்தப் படை எங்கே என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மனைவிக்குக்கூடத் தெரியாது. மாமா 99-ல் இருந்தார். அம்மா கல்கத்தா என்றே நினைத்துக்கொண்டு, அங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்வாள்.

வெளிநாட்டுக்குப் போன நம் படைக்கு மட்டும் தனித் தலை உண்டு. ஆல்பத்தின் நடுவில் பாருங்கள். 1953 ஜூலையில் கொரியாவில் போர் நின்றது. சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்ற கைதிகள் 22,000 பேருக்கு மேல். அவர்களைக் காவல் காக்க இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது இந்தியப் படையை. ஜெனரல் திம்மய்யா கமிஷனின் தலைவர், படைக்குத் தளபதி தோரட். தென்கொரிய மண்ணில் இந்தியச் சிப்பாய் கால் வைக்கக்கூடாது என்று அந்த நாட்டு அதிபர் பிடிவாதம் பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் எல்லைப் பகுதியில் இறக்கினார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுத, நம் தொல்லியல் சின்னங்கள் உள்ள தலைகளின் மேல் இந்தியில் அச்சடித்துக் கொடுத்தார்கள். 1962-ல் காங்கோவுக்கு, 1965-ல் காசாவுக்கும் இதே போல. காசாவுக்கு நேரு படம் போட்ட 15 பைசாத் தலை.

அந்தக் காவல் படைக்கு முன்பே, 1950 கடைசியில், நம் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் கொரியா போயிருந்தது. அதன் தலைவர் டாக்டர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ், மகாவீர் சக்கரம் பெற்றவர். பியாங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது மருந்துப் பெட்டிகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல், கிடந்த ஒரு ரயில் எஞ்சினுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தாங்களே ஓட்டி வந்தார்கள். ராணுவத்தைப் பற்றி இவ்வளவு கதை கேட்டிருக்கிறோமே, இதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சரி, நம் தெருவுக்கு வருகிறேன்.

நான் வங்கியில் பென்ஷன் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச் சான்று கொடுக்க வரிசை நிற்கும். பட்டாளத்துக்காரர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். முதுகு வளையாது, தள்ளுமுள்ளு செய்ய மாட்டார்கள். அலகாபாத்திலிருந்து வரும் பிபிஓ எண், ரேங்க், சர்வீஸ் எத்தனை வருஷம் எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வெளியே பார்த்தால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, இந்த மாசக் கோட்டாவில மிச்சம் இருக்கா?" கல்யாண வீடுகளில் நானும் சிரித்துக்கொண்டே கேட்டவன்தான். அவர்களும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். அதோடு முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் கூடித் தலைகளைப் பார்க்க ஆரம்பித்தோம். அதில் மூன்று பேர் முன்னாள் ராணுவத்தினர் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. ஒருவர் தபால் துறைக்காரர் என்றே நினைத்திருந்தேன். தபால் துறையிலிருந்து விருப்பம் தெரிவித்து ராணுவத் தபால் பிரிவுக்கு டெபுடேஷனில் போகலாம். நாக்பூர் பக்கம் காம்ப்டியில் பயிற்சி, சீருடை, ரேங்க் எல்லாம் உண்டு. 1972 மார்ச் முதல் அது தனிப் பிரிவு. நம்மவர் அதில் பல வருஷம் பனியில் பை சுமந்திருக்கிறார். எந்த எண் எந்த ஊரில் இருந்தது என்று மட்டும் இன்றுவரை வாய் திறக்க மாட்டார்.

இன்னொருவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தலை சேர்ப்பவர் இல்லை, பேரனுக்காக வந்தவர். ஒரு நாள் ஏலத்தில் வாங்கிய 1988-ஆம் வருஷத்துக் கவர் ஒன்றைக் காட்டினேன். கையில் வாங்கி முத்திரையைப் பார்த்தார். "இது எங்க ஆபீஸ்" என்றார். அமைதிப் படையோடு இலங்கையில் இருந்திருக்கிறார். 1987 ஜூலை கடைசியில் போன படை 1990 மார்ச்சில்தான் முழுசாகத் திரும்பியது. ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. அன்று அவர் சண்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபால் பை வரும் நாளைப் பற்றிச் சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடுகளுக்குப் போகும்போது இவரை முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு வீட்டில் வயசான அம்மா ஒருவர், "தம்பி, நீயும் தமிழ்தானே" என்று கேட்டாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கவரைத் திருப்பித் தரும்போது மேஜையில் வைக்காமல் என் கையில் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷமாக இதே ஊரில் இருக்கிறார். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை என்று பேரன்தான் பிறகு என்னிடம் சொன்னான்.

நேராக "சண்டையில என்ன செஞ்சீங்க" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். கையில் ஒரு பொருள் இருந்தால் பேச்சு தானாக வருகிறது. அந்தப் பொருள்தான் இப்போது நம் வீடுகளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளை பெயின்டில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி எத்தனை பரண்களில் இருக்கிறது! பெரியவர் காலமானதும் பதினாறாம் நாள் முடிந்து பெட்டியைக் காலி செய்கிறார்கள். காகிதம் பழைய பேப்பர் கடைக்கு, பெட்டி அரிசி போட. சென்ற தீபாவளிக்கு முன் பேப்பர் கடையில் நானே கண்டெடுத்த ஒரு கட்டை மேஜையின் இடது பக்கம் வைத்திருக்கிறேன். எடைக்குப் போட்ட வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்கத்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். தலையை வெட்டி எடுக்காதீர்கள்; கவரோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கொன்றுவிடும். நம் ஊர் வெயிலுக்குத் தகர ஷீட் போட்ட மாடி அறை ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு இருட்டான பரண் பிடிக்கும், அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்துப் பாருங்கள். யார் யாருக்கு எழுதியது என்று தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். சர்வீஸ் எண் தெரியும்படி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

இது வங்கிக்காரனாகச் சொல்வது: பெட்டியைக் காலி செய்யும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியே எடுத்து வையுங்கள். பெரியவர் இருக்கும்போதே அதிலும் பிபிஓ-விலும் மனைவி பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என் மாமா காலமானபோது புத்தகத்தில் அத்தையின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது. குடும்பப் பென்ஷன் வர எட்டு மாதம் ஆனது. இத்தனைக்கும் நான் அந்தக் கவுன்டரிலேயே உட்கார்ந்திருந்தவன். வித்தியாசம் இருந்தால் தூத்துக்குடியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு எழுத நான் வருகிறேன்.

போன வருஷம் அத்தை வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு இன்லேண்ட் இருந்தது. மாமா எழுதியது, 1971 நவம்பர். நான் அடுப்பில் போடாமல் தப்பியது அது ஒன்றுதான். வடக்குக் காட்டுப் பருத்திக்கு மருந்து அடித்தாயா, ஐப்பசி மழை கண்மாயில் எவ்வளவு நின்றது, கறுப்புப் பசு கன்று போட்டதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றி ஒரு வரிதான்: நலம். ஞாயிற்றுக்கிழமை நம் தபால்காரரிடம் காட்டி, இந்த எண் எந்த இடம் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க மாமாவே எழுதலையே, நான் எப்படிச் சொல்ல" என்றார்.

ஞாயிறு ஐந்து மணிக்குத் திண்ணையில் இருப்போம். வீட்டில் பெட்டி இருப்பவர்கள் பெட்டியோடு வரலாம், பெரியவர்கள் இருப்பவர்கள் அவர்களையும் அழைத்து வரலாம். டீ உண்டு, கடலை மிட்டாயும் உண்டு. கோட்டாவைப் பற்றி மட்டும் அங்கே யாரும் கேட்கக்கூடாது.